காவடிக்கு என்ன கலர்

நான் மொரீஷியஸ்ல ரோஸ் ஹில்ல பொறந்து வளர்ந்தவ. அம்மா புதுக்கோட்டைப் பக்கம், கல்யாணமாகி இங்க வந்தவங்க, அதனாலதான் எனக்கு இந்த அளவுக்குத் தமிழ் வருது. அப்பா வீட்டுல நாலஞ்சு தலைமுறையா இங்கதான், அவங்களுக்கு இந்த ஊரு பேச்சுமொழி கிரியோல்தான் வாய்ல வரும், தமிழ்னா கோயில் வார்த்தைகளும் சாப்பாட்டுப் பேருங்களும் மட்டும், அதுலயும் ரசத்தை ராசோன்னுதான் சொல்வாங்க. போன மாசம் டிசைன் டிகிரி முடிச்சேன், இல்லஸ்ட்ரேஷன் எடுத்து மூணு வருஷம். சித்தி பொண்ணு இந்த வருஷம் எச்எஸ்சி எழுதுறா, அவளும் இதே படிப்புக்குப் போகணும்ங்கிறா, உள்ள போனா என்ன நடக்கும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

முதல்ல போர்ட்ஃபோலியோ. இன்டர்வியூவுக்கு 20 படம் எடுத்துட்டுப் போனேன், 17 படம் நெட்ல பார்த்து வரைஞ்சது, அனிமே முகங்கள், நடிகைங்க, ஒரு புலி. ஷேடிங் எல்லாம் சுத்தமா இருக்கும், வீட்டுல எல்லாரும் அச்சு அசலா இருக்குன்னு சொன்னதை நம்பித்தான் போனேன். உள்ள இருந்த மிஸ் எல்லாத்தையும் புரட்டிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, இதுல நீ நேர்ல உக்காந்து பார்த்து வரைஞ்சது எதும்மான்னு. மூணே மூணுதான் எடுத்துக் காட்ட முடிஞ்சது. அம்மா மீன் ஆயுற கை, எங்க வீட்டு மாடிப்படி, பஸ்ல தூங்குற ஒரு ஆளு. கோடு கோணலா இருந்ததால அதையெல்லாம் கடைசியில ஒளிச்சு வச்சிருந்தேன். சீட் கிடைச்சது அந்த மூணாலதான்னு பின்னாடி அவங்களே சொன்னாங்க.

முதல் வருஷம் முழுக்க கைதான் வலிக்கும். பொருளை அடுக்கி வச்சு வரையுற ஸ்டில் லைஃப், ஆளை உக்காரவச்சு 2 நிமிஷத்துல வரையுறது, 30 செகண்ட்ல வரையுறது, கரியில, இங்க்ல, அழிக்கிற ரப்பர் இல்லாம. அதைப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல, செஞ்சாத்தான் தெரியும். ஆனா ரெண்டாவது மாசம் வந்த டோடோ அசைன்மென்ட்டைச் சொல்லணும். இந்தத் தீவுல இருந்து அழிஞ்சு போன பறவை டோடோ, அதை வரைஞ்சிட்டு வாங்கன்னாங்க. இந்த ஊர்ல பொறந்த எந்தக் குழந்தைக்கும் டோடோ வரையத் தெரியும், டி-ஷர்ட்ல இருக்கும், கீ செயின்ல இருக்கும், சுவத்துல இருக்கும். வகுப்புல எல்லாரும் ஒரே பறவையைத்தான் வரைஞ்சிருந்தோம், குண்டு உடம்பு, குட்டி றெக்கை, வளைஞ்ச பெரிய அலகு. எல்லாத்தையும் சுவத்துல ஒட்டிட்டு, இதுல யாராவது டோடோவைப் பார்த்திருக்கீங்களான்னு மிஸ் கேட்டாங்க.

யாரு பார்த்திருப்பா, 1662-க்கு அப்புறம் அதைப் பார்த்ததா நம்பிக்கையான சாட்சியே இல்ல. அப்புறம் ரெண்டு பழைய படத்தைப் போட்டுக் காட்டினாங்க. ஒண்ணு சாவரிங்கிற ஓவியர் 1626 வாக்குல ஐரோப்பாவுல வரைஞ்சது, குண்டு டோடோ அங்கிருந்துதான் பரவுச்சு, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் வரைஞ்சு வரைஞ்சு நம்ம கீ செயின் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு. இன்னொண்ணு கிட்டத்தட்ட அதே காலத்துல இந்தியாவுல வரைஞ்சது, ஜஹாங்கீர் அரண்மனை ஓவியர் மன்சூர் வரைஞ்சதுன்னு சொல்றாங்க, இப்போ ரஷ்யாவுல செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருக்கு. அதுல டோடோ அவ்வளவு குண்டா இல்ல, நல்லா நிமிர்ந்து நிக்குது, சுத்தி வேற பறவைங்களும் இருக்கு. அப்போ சூரத்ல உயிரோட ரெண்டு டோடோ இருந்ததைப் பார்த்ததா ஒரு இங்கிலீஷ் பயணி எழுதி வச்சிருக்காரு, அதனால இது நேர்ல பார்த்து வரைஞ்ச படம்னு நினைக்கிறாங்க, இருக்கிற கலர் படங்கள்லயே நம்பகமானதுன்னு ஆராய்ச்சிக்காரங்க இதைத்தான் எடுத்துக்கிறாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. எங்க ஊருப் பறவை, எங்க நாட்டு சின்னத்துலயே இருக்கு, அதையே நான் யாரோ பார்த்ததை யாரோ பார்த்து வரைஞ்சதைப் பார்த்து வரைஞ்சிருக்கேன்.

இது புரிஞ்சிருச்சுன்னு நினைச்சேன், ஆனா அடுத்த வருஷம் அதே தப்பை இன்னும் பெருசா செஞ்சேன். ரெண்டாம் வருஷம் உங்க வீட்டுப் பண்டிகை ஒண்ணை எடுத்து குழந்தைங்களுக்கு படப் புத்தகம் பண்ணுங்கன்னாங்க, நான் யோசிக்கவே இல்ல, தைப்பூசக் காவடின்னு எழுதிக் கொடுத்துட்டேன், இங்க அன்னைக்கு நாட்டுக்கே லீவு. ஒரு வாரம் ராத்திரி பகலா உக்காந்து வரைஞ்சேன். மயில் தோகை வச்ச காவடி, மஞ்சள் வேட்டி, காவித் துண்டு, பின்னாடி பெரிய ராஜகோபுரம்.

எங்க வகுப்புல படத்தைச் சுவத்துல மாட்டினதும் வரைஞ்சவங்க முதல் 10 நிமிஷம் வாயே திறக்கக் கூடாது, மத்தவங்க அவங்க கண்ணுக்குத் தெரியுறதை மட்டும் சொல்வாங்க. நல்லா இருக்கு நல்லா இல்லங்கிற பேச்சே கிடையாது. என் முறை வந்தப்போ கிரியோல் சமூகத்து ஃப்ரெண்ட் ஒருத்தி, சர்ச்சுக்குப் போற பொண்ணு, ரொம்ப மெதுவா கேட்டா, எங்க வீட்டு வாசல் வழியா வருஷா வருஷம் காவடி போகுது, எல்லாரும் அடர் பிங்க்தானே கட்டியிருப்பாங்க, இது வேற ஊரான்னு. வகுப்பே அமைதியாயிருச்சு. நானும் பேசக் கூடாது, பேசலாம்னாலும் பதில் இல்ல. சின்ன வயசுல இருந்து நானே அந்த பிங்க் கட்டிட்டுத்தான் பால்செம்பு எடுத்துட்டு நடந்திருக்கேன். ஆனா வரைய உக்காந்ததும் நெட்ல தைப்பூசம்னு போட்டு வந்த தமிழ்நாட்டுப் படங்களை, மலேசியா படங்களைத்தான் பார்த்தேன், என் கண்ணு பார்த்தது எனக்கே ஞாபகத்துக்கு வரல. நிஜமான காவடி வேற எங்கயோ இருக்கு, எங்களோடது கொஞ்சம் குறைஞ்சதுங்கிற நினைப்பு எனக்குள்ள எப்பவோ உக்காந்திருக்கு, அது அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. அதுதான் ரொம்ப வலிச்சது, மார்க் போனது இல்ல.

அப்புறம் அப்பாயி வீட்டுக்குப் போனேன், கத்ர் போர்ன்ல. இருபது வயசு வரைக்கும் அவங்ககிட்ட நான் இப்படி உக்காந்து கேள்வி கேட்டதே இல்ல. காவடியை யார் கட்டுறாங்க, எந்த மரம், வளைவு எப்படி நிக்குது, செம்பை எங்க கட்டுறாங்க, இலை எதுக்கு, எலுமிச்சம்பழம் எதுக்கு. அவங்க கிரியோல்ல சொல்லச் சொல்ல நான் வரைஞ்சு காட்டுவேன், இல்ல இல்லன்னு என் பென்சிலைப் பிடுங்கி அவங்களே கோடு போடுவாங்க. அந்தத் தாள்களை இன்னும் வச்சிருக்கேன். அடுத்த தைப்பூசத்துக்கு 10 நாள் விரதமும் இருந்தேன், காலையில ஆத்தங்கரையில பூஜை போட்டு காவடி தூக்குறதுல இருந்து கோர் தெ கார்ட் மலைச் சரிவுல இருக்கிற முருகன் கோயில் வரைக்கும் ஸ்கெட்ச் புக்கோட கூடவே நடந்தேன். தார் ரோடு சூட்டுல கால் வைக்க முடியாம சனங்க ஓரமா புல்லு மேல ஒதுங்கி நடக்குறது, பக்கத்து வீட்டு முஸ்லிம் பாட்டி பைப்பை நீட்டி கால்ல தண்ணி ஊத்துறது, வாயில வேல் குத்தின அண்ணன் பேச முடியாம கண்ணாலயே தம்பியைக் கூப்பிடுறது, கடைசியா வாழையிலையில ஏழு கறி. இதெல்லாம் எந்த நெட்லயும் எனக்குக் கிடைச்சிருக்காது. அன்னைக்கு ஒரு நாள்ல 60 பக்கத்துக்கு மேல வரைஞ்சேன், பாதிப் பக்கம் வேர்வையில ஊறிப் போச்சு.

அந்த பிங்க் விஷயம் அதோட முடியல. மூணாம் வருஷம் அதே புத்தகத்தைப் புதுசா வரைஞ்சு ஃபைனல் ப்ராஜெக்ட்டா எடுத்தேன். ஸ்கிரீன்ல அந்தக் கலர் தகதகன்னு இருக்கும், ப்ரிண்ட் எடுத்தா வேகவச்ச கத்திரிக்கா மாதிரி வந்துச்சு. ஸ்கிரீன் வெளிச்சத்தால கலர் காட்டுது, பேப்பர் மையால காட்டுது, ஸ்கிரீன்ல தெரியுற பல பளிச் கலர் நாலு மை கலந்து வராதுன்னு வகுப்புல படிச்சதுதான், ஆனா கையில அந்தத் தாளைப் பிடிக்கிற வரைக்கும் மண்டையில ஏறல. ஃபைலை சாஃப்ட்வேரே மாத்தும்போது சியான்ங்கிற நீல மையும் கறுப்பும் கொஞ்சம் கொஞ்சம் உள்ள புகுந்திருக்கு, அதுதான் அழுக்காக்குது. ரெண்டையும் சைபராக்கி மஜெந்தாங்கிற பிங்க் மையை 100-ல வச்சு, சொரசொரப்பான பேப்பர் மையை உறிஞ்சுதுன்னு வழவழப்பான கோட்டட் பேப்பருக்கு மாறி, ஆறாவது சோதனை ப்ரிண்ட்லதான் ஓரளவுக்கு வந்துச்சு. இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு வேணும்னா தனி மை வாங்கி அஞ்சாவது கலரா அடிக்கணும், அதுக்கு என்கிட்ட காசில்ல. நடுவுல பின் அடிக்கிற புத்தகம்னா பக்க எண்ணிக்கை 4-ஆல வகுபடணும், நான் 24 பக்கம்னு பண்ணேன், மாதிரிக்கு மடிச்சுப் பார்த்த முதல் டம்மியில காவடி தூக்குற பையன் மூஞ்சி சரியா மடிப்புக்குள்ள போய் விழுந்துருச்சு, எதிரெதிர் ரெண்டு பக்கமும் சேர்ந்த அந்த ஸ்ப்ரெட்டையே திரும்ப வரைஞ்சேன். போர்ட் லூயிஸ் துறைமுகத்துப் பக்கம் கோதான்ங்கிற இடத்துல இருக்கிற ப்ளூ பென்னி மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனப்போ, 1847-ல பர்னார்டுங்கிறவர் ஒரே சின்ன செப்புத் தகட்டுல மொரீஷியஸோட முதல் ரெண்டு ஸ்டாம்பையும் கையால, அதுவும் கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பிப் போட்டு செதுக்கினாருன்னு சொன்னாங்க. நான் ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன். ஒரு கோடு தப்பினா அன்டூ இல்லாத வேலை அது.

தமிழ் எழுத்து வேற ஒரு தனி மல்யுத்தம். புத்தகத்துல ஒவ்வொரு படத்துக்கும் கிரியோல்லயும் தமிழ்லயும் ஒரு வரி போட்டேன். ஃபைலைத் திறந்தா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்கு, எங்க மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, டெக்னீஷியனுக்கும் தெரியாது, சரியா இருக்கான்னு பார்க்க அந்தக் கட்டடத்துலயே நான் மட்டும்தான். படம் வரையுற இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேர்ல பிரிஃபரன்ஸ்ல இண்டிக் ஆப்ஷன்ஸைப் போட்டுவிடணும், பக்கம் அடுக்குற இன்டிசைன்ல வேர்ல்ட் ரெடி கம்போசருக்கு மாத்தணும், இவ்வளவுதான், இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆச்சு, வேற யாருக்கும் ஆக வேண்டாம்னுதான் எழுதுறேன். தலைப்பை மட்டும் கையால வரைஞ்சேன். அதுக்கு மாதிரி தேடும்போது அப்பா பர்ஸ்ல இருந்து 100 ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்தாரு. அதுல இருக்கிறது சீனிவாசன் படம், ரெங்கநாதன் சீனிவாசன், இந்த ஊரு அரசியல்ல இருந்தவர், நம்மாளுதான், பக்கத்துல தமிழ்ல எழுத்தும் எண்ணும். 1998-ல வந்த புது நோட்டுல வழக்கமான வரிசையை மாத்தி தமிழுக்கு முன்னாடி இந்தியைப் போட்டுட்டாங்க, இங்க இருந்த தமிழ் ஆளுங்க கொதிச்சுப் போய்ப் போராடினாங்க, கடைசியில அந்த நோட்டையெல்லாம் திரும்ப எடுத்துட்டு பழைய வரிசையில புதுசா அடிச்சாங்க. அப்பாவுக்கு அந்த எழுத்தை முழுசா வாசிக்க வராது. ஆனா அது எந்த இடத்துல இருக்கணும்னு அவருக்குத் தெரியும்.

வேலை பக்கம் கொஞ்சம். ஒரு சின்ன ஏஜென்சியில மூணு மாசம் இன்டர்ன்ஷிப், பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட் ஆஃபர் தாளு, காய்கறி போட்டோவைப் பின்னணி இல்லாம வெட்டி எடுக்குறது. வேகமும் ஃபைலுக்கு ஒழுங்கா பேர் வைக்கிறதும் அங்கதான் பழகினேன். தனியா எடுத்த முதல் வேலை ஒரு கல்யாணப் பத்திரிகை, வாயாலேயே பேசி 6000 ரூபாய்னு முடிவாச்சு, ஒன்பது தடவை மாத்தச் சொன்னாங்க, பாதிப் பணம் இன்னும் வரல. தெரிஞ்சவங்கன்னு கேக்கவும் கூச்சம். அதுக்கப்புறம் ஒரு தாளு எழுதாம பென்சில் எடுக்கிறதில்ல, பாதிப் பணம் முன்னாடி, ரெண்டு தடவை திருத்தம், அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவு, படத்தை எதுக்கு எத்தனை நாள் பயன்படுத்தலாம்ங்கிறதும் அதுலயே. முதல் தடவை அந்தத் தாளை அனுப்பும்போது கை நடுங்குச்சு, அந்தப் பக்கம் சரின்னு ஒரே வார்த்தையில பதில் வந்துச்சு.

ஃபைனல் ஷோவுக்கு அப்பாயியைக் கூட்டிட்டு வந்தேன். பிங்க் கட்டின கூட்டம் இருக்கிற ஸ்ப்ரெட்டை மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்தாங்க, ஆத்தங்கரைப் படத்துல இது யாரு, இது யாருன்னு தெருக்காரங்க பேரா சொன்னாங்க, அவங்களையெல்லாம் நினைச்சு நான் வரையவே இல்ல. அப்புறம் விரலை வச்சு, செம்பு ரொம்பச் சின்னதா இருக்கு, இதுல எவ்வளவு பால் பிடிக்கும், அந்தப் பையன் அபிஷேகத்துக்கு என்னத்தை ஊத்துவான்னு கேட்டாங்க. அவங்க சொன்னது சரி. புத்தகம் 50 காப்பி அடிக்க அடுத்த வாரம் பிரஸ்ஸுக்குப் போகுது, நேத்து ராத்திரியில இருந்து ஃபைலைத் திறந்து 11-ஆம் பக்கத்துல இருந்து ஒவ்வொரு செம்பா பெருசாக்கிட்டு இருக்கேன், இன்னும் நாலு பக்கம் பாக்கி.