வயரை வெட்டுவதற்கு முன்னால்

ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்க்கிற எனக்கு, புது காரில் டேஷ்கேம், ஃபாக் லைட், பவர் ஹார்ன் மாட்டுகிறவர்கள் மேல் வருத்தம் இல்லை. வண்டி அவர்களுடையது, ஆசை நியாயம்தான். அதை மாட்டுவதற்கு வயரை வெட்டுகிற விதம்தான் பயமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு கார் வந்தது. எங்கோ ரிவர்ஸ் கேமரா பொருத்தியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, ஸ்டியரிங் திடீரென்று கனத்துப் போகிறது. பேட்டரி கழற்றி, வண்டியின் கோளாறு பார்க்கிற ஓபிடி சாக்கெட்டில் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் மீட்டரை வைத்தேன். பெரும்பாலான வண்டிகளில் அங்கே 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டியது. அப்போதே விஷயம் புரிந்தது. வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் இரட்டை வயருக்கு கேன் லைன் என்று பெயர். அதன் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்தால் 60. நடுவில் எங்கோ அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கினால், முறுக்கிய இரட்டை வயரில் ஒன்றைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில்தான் கம்பி விட்டுப் போயிருந்தது.

பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்ட இந்த கேன் முறையில் இன்ஜின், ஏபிஎஸ், ஸ்டியரிங், மீட்டர் எல்லாம் அந்த இரண்டு வயரில்தான் பேசிக்கொள்கின்றன. சும்மா இருக்கும்போது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5, மற்றது 1.5. இதில் போய் 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பைக் குத்தினால் பேச்சே கலைந்துவிடும். 5 வோல்ட் சென்சார் லைனில் குத்தினால் ஈசியூவே, அதாவது வண்டியின் கம்ப்யூட்டரே, போகலாம். மஞ்சள் கப்ளர் (வயர்களைச் சேர்க்கிற பிளக்) என்றால் ஏர்பேக். அதில் ஓம் மீட்டர்கூட வைக்கக் கூடாது.

அடுத்து ஹெட்லைட். கம்பெனி எச்4 பல்பு 60/55 வாட், அதாவது ஹை பீம் 60, லோ பீம் 55. லோ பீமில் சுமார் நாலரை ஆம்பியர். 100/90 போட்டால் ஏழரை. கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறினால் வயரில் சூடு இரண்டரை மடங்கைத் தாண்டும். ஃபியூஸ் போகிறதே என்று 10 ஆம்பியர் இடத்தில் 20 சொருகுவதை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அதைப் பெரிதாக்கினால் ஃபியூஸ் போவதற்கு முன்னால் வயர் தோல் உருகும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

கடைக்குப் போனால் "கப்ளர் டு கப்ளர் கிட் இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். வயரை வெட்டாமல் பிளக்கோடு பிளக் சொருகுகிற கிட் அது. டேஷ்கேமுக்கு, ஃபியூஸ் இடத்தில் சொருகி கரண்ட் எடுக்கிற ஃபியூஸ் டேப் போதும், ஒரு வயரையும் சீவ வேண்டியதில்லை. ஃபாக் லைட்டுக்குத் தனி ரிலே (சின்ன கரண்டில் பெரிய கரண்டை ஆன் செய்கிற சுவிட்ச்), தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ். எர்த்தை பாடி போல்ட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் டெர்மினலில் கரண்ட் சென்சார் உள்ள வண்டியில் நேராக டெர்மினலில் கொடுத்தால் சார்ஜிங் கணக்கு தப்பாகும். அப்புறம், வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கட்டரைக் கையில் எடுத்தால் எந்த வயர், எதற்கு என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.