மரம் விழுந்த பாதை

காட்டுக்குள் மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களுக்கான பாதைகளைப் பராமரிப்பது என் வேலை. சொன்னதும் எல்லோரும் செயின்சாவைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த மறுநாள் உள்ளே போய், குறுக்கே கிடக்கிற மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு வருவதுதான் முழு வேலை என்று ஓர் எண்ணம். உண்மையில் மெஷின் ஓடுவது கொஞ்ச நேரம்தான். மரத்தைச் சுற்றி நடந்து பார்ப்பதற்கும், அறுத்த பிறகு மண்ணைச் சரிசெய்வதற்கும்தான் மீதி நேரமெல்லாம் போகிறது. இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: பாதையில் மரம் விழுந்தால் மரம் பாதித் தொல்லைதான். அது விழுந்த பிறகு அங்கே வந்து சேரும் ஆட்களும் தண்ணீரும் மீதிப் பாதி.

ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மரம் கிடந்தால் இறங்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு ஏறிப் போகலாம். முதலில் வருகிறவர்கள் அப்படித்தான் போகிறார்கள். அப்புறம் யாரோ ஒருவர், மரத்தின் நுனிப்பக்கம் கொஞ்சம் இடைவெளி இருப்பதைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போவார். புல் மடங்கிவிடும். அடுத்து வருகிறவருக்கு அது வழியாகவே தெரியும். ஒரு சனி ஞாயிறு போதும், அங்கே புதுத் தடம் ஒன்று விழுந்துவிடும். இதில் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஓடுகிற சைக்கிளில் கண் எங்கே போகிறதோ அங்கேதான் சக்கரமும் போகும். ஆனால் அந்தச் சுற்றுவழி யாரும் யோசித்துப் போட்டது இல்லை. பெரும்பாலும் அது சரிவில் நேராக இறங்கும். அடுத்த மழையில் தண்ணீரும் அதே வழியில் நேராக இறங்கும்.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஒரு நல்ல பாதை முழுவதுமே தண்ணீரை மனதில் வைத்துப் போடப்பட்டது. அது சரிவுக்குக் குறுக்காகப் போகும். பாதை போடுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: பாதையின் ஏற்றம், அது இருக்கும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 30 சதவீதம் என்றால் பாதை 15 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. மொத்தப் பாதையின் சராசரி 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பாதையின் மேற்பரப்பு பள்ளத்துப் பக்கமாக 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர். 1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச மவுண்டன் பைசிக்கிளிங் அசோசியேஷனுக்கு இந்தக் கணக்குகளைப் பரப்பியதில் பெரிய பங்கு உண்டு. ஐந்து சென்டிமீட்டர் சாய்வு போகிற போக்கில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேட்டிலிருந்து வருகிற மழைநீர் பாதையைக் குறுக்கே தாண்டிப் பரவலாகப் பள்ளத்தில் இறங்க அது போதும். தாண்டிப் போகிற தண்ணீரால் பாதைக்குக் கெடுதல் இல்லை. பாதையோடு சேர்ந்து ஓடத் தொடங்கினால்தான் மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

விழுந்த மரம் இந்த ஏற்பாட்டை ஒரே இரவில் கலைத்துவிடுகிறது. அடிமரத்தின் மேட்டுப்பக்கம் இலையும் சுள்ளியும் வந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அங்கே தேங்கி, போக வழியில்லாமல் பாதையின் மேலேயே ஓடும். வேரோடு சாய்ந்த மரம் என்றால் பாதையில் ஒரு குழியும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் சின்ன மரமாக இருந்தாலும் ஈரமான, செங்குத்தான இடத்தில் கிடந்தால் அதற்கு முதலில் போவோம். சமதளத்தில் கிடக்கும் பெரிய மரம் கொஞ்சம் காத்திருக்கலாம்.

சரி, மரத்தடிக்கு வந்தாயிற்று. முதலில் மேலே பார்க்க வேண்டும். முறிந்த கிளை ஏதாவது பக்கத்து மரத்தில் மாட்டித் தொங்குகிறதா? விழுந்தது இன்னொரு மரத்தின் மேல் சாய்ந்து நிற்கிறதா? அப்படி ஒன்று இருந்தால் அதன் கீழே யாரும் நிற்பதில்லை, பையைக்கூட வைப்பதில்லை. சுற்றி நிற்கிற மரங்களும் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 1990களில் தொடங்கிய ஒரு பூஞ்சை நோய் ஆஷ் என்ற வகை மரங்களைப் பெருமளவில் பிடித்திருக்கிறது. பிரிட்டனில் அது 2012இல் கண்டறியப்பட்டது. நோய் முற்றிய மரம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுவதால், அடிமரத்தில் ஏற்படும் அதிர்வுக்கே மேலிருந்து கிளை உதிரலாம். அப்படிப்பட்ட மரங்கள் உள்ள இடத்தில் கிடக்கிற மரத்தைவிட நிற்கிற மரம்தான் ஆபத்து.

அப்புறம்தான் கிடக்கிற மரம். படுத்துவிட்ட மரம் அடங்கிவிட்டது என்று நினைக்கக் கூடாது. அதன் எடை முழுவதும் எங்கேயோ முட்டுக்கொடுத்து நிற்கிறது. எங்கே அழுத்துகிறது, எங்கே இழுக்கிறது என்று தெரியாமல் செயின்சாவை வைக்க முடியாது. இரண்டு முனையும் மேட்டில் தாங்கி, நடுவில் தொங்குகிற மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்பக்கம் நெரிந்து அழுந்தியிருக்கும், அடிப்பக்கம் விறைத்து இழுபட்டிருக்கும். மேலிருந்தே ஒரே மூச்சில் அறுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் வெட்டுவாய் மூடி செயின்சாவின் பாரை, அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டை, கவ்விக்கொள்ளும். அதனால் மேலே கொஞ்ச ஆழம் மட்டும் அறுத்துவிட்டு வெட்டுவாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். விரல் நுழைகிற வாய் இல்லை, சில மில்லிமீட்டர்தான். அது ஒரு நூலளவு குறுகினாலும் மரம் தன் பாரத்தைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். உடனே பாரை வெளியே எடுத்துவிட்டு, அந்த வாயில் ஒரு பிளாஸ்டிக் ஆப்பை வைத்து அடிப்பேன். இரும்பு ஆப்பு வைப்பதில்லை, செயின் பட்டால் பல் போய்விடும். பிறகு அடிப்பக்கமாக வந்து, கீழிருந்து மேலே மெதுவாக அறுக்க வேண்டும். கடைசி நாரில் ஒரு முறிவுச் சத்தம் கேட்கும், இரண்டு துண்டும் கீழே உட்காரும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் தலைகீழ்: முதலில் கீழே, பிறகு மேலே.

என்னோடு வேலை செய்த மூத்தவர் ஒருவர், புதிதாக வருகிறவர்களை மரத்தின் முன்னால் நிறுத்தி, "தம்பி, இதை அறுத்தா எந்தப் பக்கம் போகும், சொல்லு" என்று கேட்பார். பதில் சரியாக இருந்தாலும் விடமாட்டார். "ஏன்?" என்பார். ஏன் என்று விளக்கத் தெரியும்வரை மெஷினைக் கையில் கொடுக்கமாட்டார். இந்தத் தொழிலில் நான் பார்த்த நல்ல பயிற்சி அதுதான்.

மூன்று இடங்களில் நான் எப்போதும் இரட்டிப்புக் கவனமாக இருப்பேன். ஒன்று, பெரிய மரத்தின் அடியில் சிக்கி வில்லாக வளைந்து கிடக்கும் இளமரம். பார்க்க ஒல்லியாக இருக்கும், கைரம்பமே போதும் என்று தோன்றும். ஒரே வெட்டில் அறுத்தால் முகத்துக்கு நேராக விசிறி அடிக்கும். வளைவின் உட்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே இருந்தால், விறைப்பு இறங்கித் தானாக மடிந்துவிடும். இரண்டாவது, வேரோடு பெயர்ந்து சுவர் போல் எழுந்து நிற்கும் வேர்த்தட்டு. அடிமரத்தின் எடைதான் அதை அப்படி நிமிர்த்தி வைத்திருக்கிறது. அடிமரத்தை அறுத்ததும் வேர்த்தட்டு டன் கணக்கான மண்ணோடு திரும்பச் சாய்ந்து குழிக்குள் உட்கார்ந்துவிடலாம். அந்தக் குழிக்குள் அந்த நேரத்தில் யாருமே இருக்கக் கூடாது. அறுப்பதற்கு முன்னால் குழியைக் கண்ணால் பார்த்து, ஆட்களை எண்ணிக்கொண்டுதான் மெஷினைத் தொடுவோம். மூன்றாவது, சரிவு. சரிவில் எப்போதும் மேட்டுப்பக்கம் நின்றுதான் அறுக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள பச்சைமரத் துண்டு சுமார் 350 கிலோ வரும். அது உருளத் தொடங்கினால் கையால் நிறுத்த முடியாது. கீழே பாதையின் அடுத்த வளைவு இருந்தால், அங்கே ஓர் ஆளை நிறுத்தி வருகிறவர்களைத் தடுத்துவிட்டுத்தான் வேலை.

மெஷினைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். எந்தப் பிராண்டு என்பதைவிடச் செயின் கூராக இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மாவுபோல் தூள் கொட்டினால் நிறுத்திவிட்டு அரம் போட வேண்டும். மழுங்கிய செயினை அழுத்திப் பிடித்து அறுக்கிறவர் சீக்கிரம் களைத்துப்போவார், களைத்த கையில்தான் பாரின் நுனி எதிலாவது இடித்து மெஷின் எகிறும். ஹெல்மெட், காதுக் கவசம், கால் கவசம், கூட ஓர் ஆள். இவை இல்லாமல் செயின்சாவைத் தொடுவதில்லை. மெஷினே இல்லாமலும் இந்த வேலை நடக்கிறது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு வில்டர்னஸ் சட்டத்தின் கீழ் இயற்கை நிலையிலேயே பாதுகாக்கப்படுகிற காட்டுப் பகுதிகளில் மோட்டார் கருவிகளுக்கு அனுமதி இல்லை. அங்கே இன்றும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் நீள ரம்பத்தால்தான் மரம் அறுக்கிறார்கள். (அங்கே சைக்கிளுக்கும் அனுமதி இல்லை என்பது வேறு விஷயம்.) ஒருபக்கம் கோடாரியும் மறுபக்கம் கொத்தும் உள்ள புலாஸ்கி என்ற கருவி, எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் காட்டுத்தீயோடு போராடுவதற்காக 1911 வாக்கில் உருவாக்கியது. வேர் வெட்டவும் மண் கொத்தவும் எங்கள் தோளில் எப்போதும் இருப்பது அதுதான்.

எல்லா மரத்தையும் அறுத்துவிட வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பருமன் குறைந்த மரம் சில இடங்களில் அப்படியே கிடக்கட்டும். தாண்டிப் பழகுகிறவர்களுக்கு அது பிடிக்கும், வேகத்தையும் குறைக்கும். ஆனால் அது பாதைக்கு நேர்க்குறுக்காக இருக்க வேண்டும். சாய்வாகக் கிடந்தால் முன்சக்கரம் மரத்தோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதுவும் பட்டை உரிந்த மரம் மழையில் சோப்புக்கட்டிதான். அப்படிப்பட்டதை நான் விட்டுவைப்பதில்லை. இறக்கத்தில் வளைவுக்கு அப்புறம் கிடப்பதையும் விடுவதில்லை. விட்டுவைக்கிற மரத்துக்கு இருபக்கமும் கல் அடுக்கி ஏற்றம் கொடுத்து, தாண்ட முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வழியும் போட வேண்டும். அந்த வழியை நாமே போட்டுவிட்டால், சரிவில் யாரும் சொந்தமாக வழி தேடமாட்டார்கள்.

அறுப்பது என்று முடிவானால் எவ்வளவு அகலம் என்பது அடுத்த கேள்வி. 1990களில் 60 சென்டிமீட்டர்கூட இல்லாத ஹேண்டில்பார், இன்றைய மவுண்டன் பைக்குகளில் 76 முதல் 80 சென்டிமீட்டர் வரை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அறுத்த இடைவெளிகளில் இன்று விரல் அடிபடுகிறது. ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் விடுவது நல்லது, இறக்கத்தில் அதற்கும் மேல். வெட்டிய துண்டைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி, உருளாதபடி ஒரு மரத்தில் அணைத்து வைப்போம். அதற்கு மேல் எதையும் வெளியே எடுத்துப் போவதில்லை. மட்கும் மரம் வண்டுக்கும் காளானுக்கும் மரங்கொத்திக்கும் வேண்டும். பாதை கேட்பது ஒரு இடைவெளியைத்தான், முழுமரத்தையும் இல்லை. கிளைகளை நறுக்கும்போது குச்சி நீட்டிக்கொண்டிருக்க விடக் கூடாது. சைக்கிளிலிருந்து விழுகிறவர் மேல் அது கத்தியாகப் பாயும். கிளை அடிமரத்தோடு சேரும் புடைத்த கழுத்தை வெட்டாமல், அதை ஒட்டி நறுக்கினால் நிற்கிற மரத்துக்கும் காயம் சீக்கிரம் ஆறும்.

மெஷின் சத்தம் நின்ற பிறகு வருவது எனக்குப் பிடித்த வேலை. குழியில் இலைமட்கையும் கறுப்பு மண்ணையும் போட்டு நிரப்பினால் அடுத்த மழையில் சேறாகிவிடும். அடியிலிருந்து கல் கலந்த மண்ணை எடுத்துப் படிப்படியாகப் போட்டு மிதித்து, கடைசியில் பள்ளத்துப் பக்கம் அந்த ஐந்து சென்டிமீட்டர் சாய்வைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பிறகு சுற்றுவழியை மூட வேண்டும். அதன் தொடக்கத்தில் மட்டும் ஒரு கட்டையைப் போட்டால் கட்டையைச் சுற்றி இன்னொரு வழி முளைக்கும். இறுகிய மண்ணைக் கொத்திவிட்டு, கொஞ்ச தூரத்துக்கு இலையையும் கிளையையும் பரப்பி, வருகிறவரின் கண்ணுக்கு அங்கே வழி என்று ஒன்று இருந்ததே தெரியாதபடி செய்ய வேண்டும். இதற்குச் சில சமயம் அறுப்பதைவிடப் பலமடங்கு நேரம் ஆகும். இதைச் செய்யாமல் வந்துவிட்டால் மரத்தை அறுத்ததற்கே அர்த்தமில்லை என்று நினைக்கிறவன் நான்.

நீங்கள் பாதையில் மரம் கிடப்பதைப் பார்த்தால், கையால் நகர்த்தக்கூடிய கிளை என்றால் தாராளமாக நகர்த்துங்கள். அதற்கு மேல் என்றால் தனியாக ரம்பத்தோடு போக வேண்டாம். ட்ரெயில்ஃபோர்க்ஸ் போன்ற பாதை வரைபடச் செயலியிலோ, பாதையைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமோ இடத்தைச் சொல்லிவிட்டு இரண்டு படம் அனுப்புங்கள். ஒன்றில், சைக்கிளை மரத்தின் மேல் சாய்த்து வைத்து எடுங்கள். சக்கரத்தின் அளவு எங்களுக்குத் தெரியும் என்பதால் மரத்தின் பருமனைக் கணக்குப் போட்டுக்கொள்வோம். மேலே ஏதாவது தொங்கினால் அந்தப் படமே வேண்டாம், பக்கத்தில் போகாதீர்கள். இன்னொன்றைத் தள்ளி நின்று, வேரிலிருந்து நுனிவரை தெரியும்படி எடுங்கள். எந்தப் பக்கம் பாரம் இருக்கிறது, எத்தனை ஆப்பு, எத்தனை ஆள் வேண்டும் என்பதை நாங்கள் புறப்படும்போதே பேசி வைத்துக்கொள்ள அந்த இரண்டாவது படம்தான் உதவும்.