ஃபேன் காத்தே வரலையா? முதல்ல கெப்பாசிட்டரைப் பாருங்க

மே மாசம் வந்தா போதும், ரெகுலேட்டரை 5-ல வச்சாலும் ஃபேன் ஏதோ கடமைக்கு சுத்துதுன்னு வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல். ஆளைக் கூப்பிட்டா அண்ணாந்து ஒரு பார்வை, "வைண்டிங் போச்சு சார், புதுசு வாங்கிடுங்க". எல்லாரும் அப்படி இல்லதான், ஆனா எங்க வீட்டுக்கு வந்தவர் ஏணி கூட ஏறல.

வைண்டிங், அதாவது மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற கம்பிக் காயில், நிஜமாவே எரிஞ்சிருந்தா கருகின வாசனை வரும். அது இல்லாம மெதுவா சுத்துது, இல்ல ம்ம்ம்னு உறுமிட்டு அப்படியே நிக்குது, குச்சியால றெக்கையைத் தள்ளி விட்டா கிளம்பிடுதுன்னா பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானா கிளம்பாது, ரெண்டாவது காயிலுக்குப் போற கரண்ட்டைக் கொஞ்சம் தள்ளி அனுப்பி சுத்த வைக்கறதே இந்தக் கெப்பாசிட்டர்தான். உள்ள மெட்டல் பூச்சு பூசின பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கு, அந்தப் பூச்சு வருஷக்கணக்குல சூட்டுலயும் வோல்டேஜ் ஏத்த இறக்கத்துலயும் அரிச்சுக்கிட்டே வந்து 2.5 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரோட அளவைச் சொல்ற யூனிட்) இருக்க வேண்டியது 1.5-க்கு இறங்கிடும், ஸ்பீடும் அதோட போச்சு.

மாத்தறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. ஆனா சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணிட்டு ஏறாதீங்க, மெயினையே ஆஃப் பண்ணுங்க, நம்ம ஊர் வயரிங்ல சில வீட்டுல ஃபேஸுக்குப் பதிலா நியூட்ரலை சுவிட்சுல கொடுத்து வச்சிருப்பாங்க, அப்போ சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஃபேன் வயர்ல கரண்ட் இருக்கும். மோட்டாருக்கு மேல இருக்கற கப்பை லூஸ் பண்ணினா வெள்ளையாவோ கருப்பாவோ ஒரு சின்ன டப்பா, ரெண்டு வயர். போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு, வயர் நுனி ரெண்டையும் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால சேத்துத் தொட்டுட்டு (மிச்ச சார்ஜ் இருந்தா போயிடும்) கழட்டுங்க. புதுசுல பிளஸ் மைனஸ் எதுவும் கிடையாது, எப்படி வேணா மாட்டலாம். மேல என்ன நம்பர் போட்டிருக்கோ அதே நம்பர்தான் வாங்கணும். வேகமா ஓடட்டும்னு 4 மைக்ரோஃபாரட் போடறவங்க இருக்காங்க, காயில் சூடாகி அப்பதான் வைண்டிங் நிஜமாவே போகும்.

விலை நூறு ரூபாய்க்குள்ளதான், தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையிலயே கிடைக்கும், இதுக்காக சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் வரைக்கும் போக வேணாம். அளந்து பாக்கணும்னா கெப்பாசிட்டன்ஸ் ரேஞ்ச் இருக்கற மல்டிமீட்டரா கேட்டு வாங்குங்க, அந்த மஞ்சக் கலர் சீப் மீட்டர்ல பெரும்பாலும் அது இருக்காது.

மாத்தியும் மெதுவாவே ஓடுதா? ஆஃப் பண்ணிட்டு கையால சுத்தி விடுங்க, கரகரன்னு சத்தம் வந்து சட்டுனு நின்னா பேரிங், அதைக் கடையில கொடுத்துடறது உத்தமம். ரிமோட்டுல ஓடற பிஎல்டிசி ஃபேனுக்கு இந்தக் கதையே வேற, அதுல இந்த டப்பாவே கிடையாது, எல்லாம் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டுதான்.

மிக்ஸி திடீர்னு நின்னா அடியில இருக்கற சிவப்பு பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாத்துட்டு அப்புறம் கடைக்குத் தூக்குங்க, ஓவர்லோட்ல அது தானா கட் ஆகும். மைக்ரோவேவ் அவனை மட்டும் திறக்கவே வேணாம், அதுல இருக்கற கெப்பாசிட்டர்ல 2000 வோல்ட் அளவுக்கு ஏறும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் நிக்கும்.