இரண்டு மைக்ரான்

எஃகின் கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் மெஷினில் ஒரு புள்ளி என்பது 0.002 மி.மீ., அதாவது இரண்டு மைக்ரான். சி ஸ்கேலில் வைர முனை முதலில் 10 கிலோ பாரத்தில் உட்காரும். பிறகு மொத்தப் பாரம் 150 கிலோவுக்கு ஏறி, மறுபடி 10க்கு இறங்கும். இதற்குள் முனை எவ்வளவு கூடுதலாக இறங்கி நின்றதோ அந்த ஆழத்தை இரண்டு மைக்ரானால் வகுத்து, 100லிருந்து கழித்தால் கிடைப்பதுதான் நாம் சொல்லும் ‘ஆர்சி’. 40 ஆர்சி என்றால் பள்ளம் 0.12 மி.மீ. ரைஃபிள் போல்ட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பிசிர் பத்து மைக்ரான் நசுங்கினாலே ஐந்து புள்ளி காணாமல் போய்விடும். பழி, எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மெண்ட் ஆட்கள் தலையில் விழும்.

ஆகவே, ரீடிங் குறைந்தால் எஃகைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். ஆன்விலையும் (பாகம் உட்காரும் மேடை) பாகத்தின் அடிப்புறத்தையும் துணியால் துடைத்த பிறகு விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். துணிக்குத் தப்பும் பிசிர் விரலுக்குத் தப்பாது. முனையையோ ஆன்விலையோ மாற்றியிருந்தால் முதல் இரண்டு ரீடிங்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எல்லாம் தன் இடத்தில் அமர அந்த இரண்டு அழுத்தம் தேவை. மெஷினைச் சரிபார்க்கும், கடினம் முன்பே தெரிந்த டெஸ்ட் பிளாக்கும் நாம் அளக்கப்போகும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 63 பிளாக்கில் சரியாகக் காட்டும் மெஷின் 30ல் பிசகலாம். ஒரு பக்கம் நிறைந்ததும் பிளாக்கைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் அழுத்துவது சிக்கனம் போலத் தெரியும். அடியில் இருக்கும் பழைய குழிகளின் விளிம்புகள் நசுங்கி அதுவே பொய் சொல்லத் தொடங்கும்.

அடுத்தது மேற்தோல். உலையில் கார்பன் இழந்த தோலில் அழுத்தினால் உள்ளே நன்றாக இருக்கும் எஃகும் மெத்தென்று காட்டும். அந்தத் தோலை உரசி எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கிரைண்டரில் அவசரப்பட்டு நீலம் பாய விட்டால் அந்த இடமே டெம்பராகி, அதாவது சூட்டில் கடினம் இழந்து, மறுபடி குறைத்துக் காட்டும்.

உருண்டையான பாகங்களில் முனைக்குப் பக்கவாட்டுத் தாங்கல் குறைவு என்பதால் அது சற்று ஆழமாக இறங்கும். 6 மி.மீ. விட்டமுள்ள பின்னில் 40ஐ ஒட்டிய ரீடிங் மூன்று புள்ளிக்கு மேல் குறைத்துக் காட்டும். திருத்த அட்டவணையைப் பார்த்துக் கூட்டாமல் ‘சாஃப்ட்’ என்று ஒதுக்கினால் நல்ல பாகம் குப்பைக்குப் போகும். பேரலில் தொல்லை வேறு. நீளமான குழல் ஒரு பக்கம் தொங்கினால் முனை செங்குத்தாக இறங்காது. வி வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக்கில் வைத்து, குழலின் தொங்கும் நுனிக்கு ஜாக் கொடுக்க வேண்டும். கையால் தூக்கிப் பிடிப்பது உதவியாகாது, கை நடுங்குவதும் ரீடிங்கில் சேர்ந்துவிடும்.

அதிகம் ஏமாற்றுவது கேஸ் ஹார்டனிங் செய்த பாகம், அதாவது மேல் தோல் மட்டும் கடினமாக்கப்பட்டது. பள்ளத்தின் ஆழத்தைப் போல் பத்து மடங்காவது கடினத் தோல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 60 ஆர்சியில் ஆழம் 0.08 மி.மீ., ஆக 0.8 மி.மீ. தோல் வேண்டும். 0.3 மி.மீ. தோலுள்ள பாகத்தில் 150 கிலோவை ஏற்றினால் முட்டை ஓட்டைச் சுத்தியலால் சோதித்த கதைதான். கிடைக்கும் எண் தோலுக்கும் சொந்தமில்லை, உள்ளுக்கும் சொந்தமில்லை. அங்கே 15என் ஸ்கேலுக்குப் போக வேண்டும். முதல் பாரம் 3 கிலோ, மொத்தம் 15 கிலோ, ஒரு புள்ளிக்கு ஒரு மைக்ரான். 90 காட்டினால் ஆழம் 0.01 மி.மீ.தான், 0.1 மி.மீ. தோலே தாங்கும். தோலின் ஆழத்தை அறிய வேண்டுமானால் ஒரு பாகத்தைப் பலி கொடுத்து, குறுக்கே வெட்டிப் பாலிஷ் செய்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி மைக்ரோ விக்கர்ஸ் குறிகளை (சிறு வைரப் பிரமிடு அழுத்தும் நுண்குழிகள்) வரிசையாக வைத்து, கடினம் 550 விக்கர்ஸுக்கு எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். (துப்பாக்கி செய்த அதே பிரிட்டிஷ் விக்கர்ஸ் கம்பெனியில்தான் அந்த 136 டிகிரி வைரப் பிரமிடு முறையும் பிறந்தது.)

இவ்வளவும் சரியாகச் செய்து எண் சரியாக வந்தாலும் பாகம் உடையாது என்பதற்கு அது உத்தரவாதமில்லை. அமெரிக்காவின் எம்1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் நடந்தது இதுதான். ஃபோர்ஜிங்கில், அதாவது எஃகைக் காய்ச்சி அடித்து வடிக்கும்போது, சூட்டின் அளவைத் தொழிலாளிகள் எஃகின் நிறம் பார்த்தே முடிவு செய்தார்கள். வெயில் பளிச்சென்று அடித்தால் அதே சூடு மங்கலாகத் தெரியும், இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். சில ரிசீவர்களில் (போல்ட்டும் பேரலும் பொருந்தும் நடு உடல்) எஃகு எரிந்து, உள்ளே படிக மணிகள் பருத்துவிட்டன. 1917ல் ரிசீவர்கள் வெடித்துச் சிதறிய பிறகுதான் வெப்பமானிகள் வந்தன, 1918ல் இரட்டை ஹீட் ட்ரீட்மெண்ட் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் செய்தவற்றில் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்டு ஆயுதச்சாலையில் செய்தவற்றில் 2,85,507க்குக் கீழும் சீரியல் எண் உள்ளவற்றை இன்றும் சுட வேண்டாம் என்கிறார்கள். எரிந்ததையும் எரியாததையும் ராக்வெல் பிரித்துக் காட்டாது. அதைக் காட்டுவது உடைத்துப் பார்க்கும் சோதனை: நல்ல எஃகின் முறிவு மென்மையான சாம்பல் நிறத்தில் இருக்கும், எரிந்தது சர்க்கரைக் கட்டியை உடைத்தது போல மினுங்கும்.