ஒகாபி என்றொரு 'வதந்தி'

மர்ம விலங்கு என்றாலே எல்லோரும் ஸ்காட்லாந்து ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் நெஸ்ஸி, இமயமலைப் பனிமனிதன் எட்டி என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கென்னவோ ஒகாபி கதைதான் பிடிக்கும். காங்கோவின் இத்தூரிக் காட்டு மக்களுக்கு அது நன்றாகத் தெரிந்த விலங்கு. ஐரோப்பியர்களுக்கு வெறும் வதந்தி. ஹாரி ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைத் தேடிக் காட்டுக்குள் போனார். குதிரை வகைதான் என்று முன்பே முடிவு கட்டியிருந்ததால், வழிகாட்டிகள் பிளந்த குளம்புத் தடத்தைக் காட்டியபோது (குதிரைக்குக் குளம்பு பிளந்திருக்காதே), இது வேறு ஏதோ மான் என்று நம்ப மறுத்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது கோடு போட்ட இரண்டு தோல் பட்டைகள். லண்டனுக்கு அனுப்பினார், 1901இல் அங்கே குதிரைப் பேரினத்திலேயே பெயரும் வைத்துவிட்டார்கள்! அப்புறம் முழுத் தோலும் மண்டை ஓடுகளும் வந்த பிறகுதான் தெரிந்தது, ஆள் ஒட்டகச்சிவிங்கியின் பங்காளி என்று. தன் காதைத் தானே நக்கிக்கொள்ளும் அளவுக்கு நாக்கு நீளம்.

1982இல் மர்ம விலங்கு ஆய்வுக்கென்று தொடங்கிய சர்வதேசச் சங்கம் இதைத்தான் சின்னமாக எடுத்துக்கொண்டது. நெஸ்ஸியை எடுக்காததே பெரிய விஷயம்.

ஜான்ஸ்டனையும் ரொம்பத் திட்ட முடியாது. படத்தைத் தேடிப் பாருங்கள், பின்பக்கம் அச்சு அசல் வரிக்குதிரையேதான்!