அஜெண்டாவில் ஏறாத விஷயம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கல்வி நிறுவனத்தில் ரொம்ப காலம் கமிட்டி அலுவலராக இருந்தேன். கூட்டம் கூட்டுவது, அஜெண்டா தயாரிப்பது, மினிட்ஸ் எழுதுவது, போன கூட்டத்தில் யார் எதைச் செய்வதாக ஒத்துக்கொண்டார்களோ அதை நினைவூட்டி முறைப்பு வாங்குவது, இதெல்லாம் வேலை. ஊரில் அப்பாவிடம் விளக்கியபோது, "பெரிய மனுஷங்க பேசறத எழுதற, அவ்வளவுதானே" என்றார்.

பேசியதை எழுதுவதில் பெரிதாக ஒன்றுமில்லை. எதைப் பேசுவது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டத்துக்குச் சில நாள் முன்பு வரைவு அஜெண்டாவோடு தலைவர் அறைக்குப் போவேன். அவர் பென்சிலை எடுத்து மேலிருந்து கீழே வருவார். ஒரு விஷயத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கேள்விக்குறி போட்டால் அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அங்கேயும் கேள்விக்குறி விழுந்தால் துணைக்குழுவுக்கு. துணைக்குழு எப்போது கூடும் என்று யாரும் கேட்பதில்லை. எல்லாம் விதிப்படிதான் நடக்கும், யாரும் எதையும் தடை செய்ததாக எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அதனால்தானோ என்னவோ, அதே ஊரில் இருக்கும் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மாலெகாபுரு மக்கோபாவைப் பற்றி எல்லோரும் ஏதேதோ பேசும்போது நான் காகிதங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2004 முதல் 2015 வரை அங்கே தலைமையில் இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்ற நோய் எதிர்ப்பியல் அறிஞர்.

அவருடைய முதல் பெரிய சர்ச்சையே கோப்புகளைப் பற்றியது. ஜொகன்னஸ்பர்கில் விட்வாட்டர்ஸ்ரண்ட் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தருக்கு அடுத்த பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவராக இருந்தபோது, 1995இல் மூத்த பேராசிரியர்கள் 13 பேர் அவருடைய சுயவிவரக் குறிப்பில் மிகைப்படுத்தல் இருக்கிறது என்றும், நிர்வாகம் சரியில்லை என்றும் புகார் எழுதினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. அந்த 13 பேரின் பணிக் கோப்புகளை எடுத்து, பதிலுக்கு அவர்கள்மேல் குற்றம் சாட்டினார். கடைசியில் சமரசமாகி, நிர்வாகப் பதவியை விட்டுவிட்டு ஆய்வுப் பேராசிரியரானார். இன்னொருவரின் பணிக் கோப்பைத் திறக்க எங்கள் அலுவலகத்தில் எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தச் சண்டையில் யார் பக்கம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு இழுபறிதான். புதிதாக வந்த கறுப்பினத்தவரின் தகுதியை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள் என்பதும் பொய்யில்லை.

அப்புறம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைவரானார். எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று அதிபர் தாபோ எம்பெக்கியே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது. 2001இல் கவுன்சிலின் அறிக்கை ஒன்று, 2000ஆம் ஆண்டில் இறந்த 15 முதல் 49 வயதுக்காரர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேரின் சாவுக்கு எய்ட்ஸ் காரணம் என்று கணக்குச் சொன்னது. அரசுக்கு அது பிடிக்கவில்லை. தள்ளிப்போடப் பார்த்தார்கள். மக்கோபா அறிக்கையின் பக்கம் நின்றார், அது வெளியே வந்தது. அரசு பணம் கொடுக்கும் அமைப்பில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய நிஜமாகவே தைரியம் வேண்டும்.

அந்த மதிப்போடுதான் டர்பனுக்கு வந்தார். 2004 ஜனவரி 1 அன்று நட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் ஒன்றாயின. வெஸ்ட்வில் என்றால் இங்குள்ள தமிழர்களுக்குத் தனிக் கதை. நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று 1961இல் துறைமுகத்துத் தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் தொடங்கிய கல்லூரி அது. வேண்டாம் என்று எதிர்த்தவர்களின் பிள்ளைகளே படித்துப் படித்து அதை எங்களுடையது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தமிழும் அங்கே பாடமாக இருந்தது. என்னோடு வேலை பார்த்த, இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பகுதி அக்கா ஒருவர் அங்கே படித்தவர். இணைப்பைப் பற்றி அவர் சொன்னது: "பொண்ணக் கட்டிக் குடுத்த மாதிரி இல்ல கண்ணு, வீட்டையே எழுதிக் குடுத்த மாதிரி."

2005இல் மக்கோபா ஒரு பத்திரிகைக் கட்டுரையில், பதவி இழந்த வெள்ளை ஆண்களைத் தலைமை பறிபோன பபூன் குரங்குகளோடு ஒப்பிட்டார். ஊரே கொதித்தது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை, வாய்க்கொழுப்பு, அவ்வளவுதான். மறுவருடம் ஊழியர் வேலைநிறுத்தம் வேறு.

எனக்குப் பெரிதாகப் பட்டது 2008. கல்விச் சுதந்திரம் பற்றி அறிவியல், வேளாண்மைப் புலம் ஓர் ஆவணம் தயாரித்தது. துணைவேந்தர் தலைமை தாங்கும் கல்விப் பேரவையான செனட்டில் அது விவாதத்துக்கு வரவில்லை. அதைப் பற்றி வெளியே பேசிய இயற்பியல் பேராசிரியர் நித்தயா செட்டி மீதும் கணிதப் பேராசிரியர் ஜான் வான் டென் பெர்க் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஊடகங்களிடம் பேசும்போது உரிய கவனம் காட்டவில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். செட்டி வேலையை விட்டார். வான் டென் பெர்க் சமரசம் செய்துகொண்டார்.

எங்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சுதான். புரட்டாசி வந்தால் இங்கே பல தமிழ் வீடுகளில் மாதம் முழுக்கக் கறி கிடையாது. ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு நிரப்பிய 'பன்னி சவ்' ஆளுக்கொன்றைப் பிய்த்துக்கொண்டு, கறுப்பினத் தலைவரை விமர்சித்தால் பழைய ஆட்சிக்கு ஏங்குகிறோம் என்று ஆகிவிடுமோ என்று தயங்கித் தயங்கிப் பேசினோம். அக்கா மட்டும் தயங்கவில்லை. "கடுதாசிய மேசையில வைக்க விட்டிருந்தா பேசி முடிச்சிருப்பாங்க" என்றார். நானும் அதையே நினைத்தேன். ஓர் அறிக்கையை வெளியே கொண்டுவர அரசோடு மல்லுக்கட்டியவர் தலைமை தாங்கிய சபையில் ஓர் ஆவணத்துக்கு இடமில்லாமல் போனது எப்படி? ஆணவம் என்று சிலர் சொன்னார்கள். ஆணவக்காரர்களோடு வருடக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறேன், அவர்கள் வாதாடி ஜெயிக்க ஆசைப்படுவார்கள். என் அனுமானம் வேறு. தன்னைச் சுற்றி ஏற்கெனவே ஒரு முறை 13 பேர் காகிதத்தோடு கூடியதைப் பார்த்தவருக்கு, கையெழுத்துகளோடு வரும் எந்த ஆவணமும் இன்னொரு முற்றுகையாகத் தெரிந்திருக்கலாம்.

அவர் காலத்து முடிவுகளில் நான் முழுசாக ஆதரித்தது ஒன்று உண்டு. 2014 முதல் இளநிலை மாணவர்கள், இந்த மாகாணத்தில் பெரும்பாலோர் பேசும் ஜூலு மொழியில் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும் என்ற விதி. டாக்டராகப் போகும் பிள்ளைக்கு ஜூலு எதற்கு என்று நம்மவர்கள் முணுமுணுத்தார்கள். டாக்டராகப் போகிறவருக்குத்தானே முதலில் வேண்டும்? அக்காவின் பேத்தி முனகிக்கொண்டே படித்துத் தேறினாள்.

பிறகு சுகாதாரக் குறைதீர்ப்பாளராக 2017 பிப்ரவரியில் அவர் கொடுத்த லைஃப் எசிடிமெனி அறிக்கையையும் படித்தேன். லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மருத்துவ அமைப்பின் பராமரிப்பில் இருந்த மனநல நோயாளிகளை உரிய உரிமமில்லாத 27 தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றியதில் 94 பேருக்கு மேல் இறந்ததை, யாருடைய முகத்தையும் பார்க்காமல் எழுதியிருந்தார். கௌட்டெங் மாகாணச் சுகாதாரப் பொறுப்பில் இருந்தவர் ராஜினாமா செய்தார். அக்காவிடம் சொன்னேன். "வெளிய இருந்து எழுதறப்ப நல்லாத்தான் எழுதறாரு" என்றார்.