ஐந்து ஒலியில் ஒரு உலகம்

பழைய நின்டெண்டோ என்.இ.எஸ். வீடியோ கேம் கருவியின் விளையாட்டு இசையை நியூரல் நெட்வொர்க் (தரவைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரல்) எழுதுவதைக் கேட்டுப் பாருங்கள், அவ்வளவு அழகு. அந்தக் கருவியின் ஒலி சிப்பில் இருப்பது இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், அப்புறம் பதிவுசெய்த ஒலித் துணுக்குகளை ஒலிக்க ஒரு சாம்பிள் சேனல், அவ்வளவுதான். முக்கோண அலையின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கக்கூட வழி கிடையாது, அதனால் பெரும்பாலும் பேஸ், அதாவது அடித்தளமான கீழ் சுரங்களை, வாசிக்க அதைத்தான் விடுவார்கள். 2018இல் வெளியான என்.இ.எஸ்.-எம்.டி.பி. என்ற இசைத் தரவுத் தொகுப்பில் 397 விளையாட்டுகளின் இசை இருக்கிறது. 2019இல் வந்த லாக்என்இஎஸ் மாடல் முதலில் பலவகை மிடி கோப்புகளில் (இசையைச் சுரக் குறிப்புகளாகச் சேமிக்கும் கோப்புகள்) பயின்றுவிட்டு, பிறகுதான் இந்த என்.இ.எஸ். இசைக்கு வந்தது. அது எழுதும் மெட்டு சில நொடிகளுக்குப் பிரமாதமாகப் போகிறது, அப்புறம் எங்கேயோ அலைகிறது. விளையாட்டு இசை சுற்றிவந்து ஆரம்பத்திலேயே ஒட்ட வேண்டும், இல்லையா? என்னைக் கேட்டால் அடுத்து சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.